ஜெனீற்றா இறைத்த கிணறு

கண்ணாக்குடா ஆண்களுக்குக் கடலில் சோம்பல் தெரியாது. கரையில் கால் வைத்தால் வேறு எதுவும் தெரியாது. இது ஊர் சொன்ன பேச்சல்ல, ஜெனீற்றா சொன்னது. கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த இருபத்து நான்கு வருடங்களில் வருடத்துக்கு ஒருமுறையாவது அவள் இதைச் சொல்லியிருப்பாள். சொல்கிற நாளும் தவறாது. அந்தோனியார் திருநாளுக்கு முன் கோயில் கிணற்றைக் கலக்கி இறைக்கிற நாள் அது.

ஊர்காவற்றுறையிலிருந்து கடலோரமாக மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், போனால் கண்ணாக்குடா வரும். முப்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, ஆனால் எல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் என்றால் கோயில் கிணறு ஒன்றுதான். கடலுக்கு இருநூறு யார் தள்ளி, மணல் மேட்டின் அடியில், பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் அப்படி ஒரு தண்ணீர் எப்படி நின்றது என்று யாரும் யோசித்ததில்லை. அது அந்தோனியார் தந்தது என்று விட்டுவிட்டார்கள்.

கிணறு இறைப்பதில் தலைமை யாகப்பு. வள்ளம் ஓட்டுகிற ஆள், அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். விடிய ஆறு பேர் வாளியும் கயிறுமாக வருவார்கள். ஒன்பது மணிவரை சோராமல் அள்ளி ஊற்றுவார்கள். பத்து மணிக்குப் பனையிலிருந்து கள் இறங்கிவிட்டதென்று யாருக்காவது நினைவு வரும். போனவர்கள் மத்தியானம் திரும்பி வந்து கொஞ்சம் அள்ளிவிட்டு, மிச்சம் நாளைக்கு என்று போய்விடுவார்கள். நாளைக்கும் அதே கதைதான். அரை நாள் வேலை நான்கு நாள் இழுபடும். மாதர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் ஜெனீற்றா நான்கு நாளும் கிணற்றடியில் நின்று அவர்களைத் திட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அது அவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றும்.

அந்த வருடம் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். இளம் பொடியன்கள் மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள், அள்ள ஆளில்லை என்று யாகப்பு முன்கூட்டியே முனகத் தொடங்கியிருந்தார். ஜெனீற்றா அவரை விட்டுவிட்டாள். பஸ் ஏறி வேலணைப் பக்கம் போய், வெங்காயமும் மிளகாயும் செய்கிற ஆழ்வாப்பிள்ளையிடம் மூன்றங்குல இறைப்பு மிசின் ஒன்றை இரண்டு நாளுக்குக் கேட்டாள். கோயில் காரியம் என்றதும் அவர் மறுக்கவில்லை. மிசினை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிடும்போது மட்டும் ஒரு சொல் சொன்னார். ஒரேயடியாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிடவேண்டாம், நானும் விடுகிறதில்லை என்றார். கஞ்சன், மிசின் தேய்ந்துபோகும் என்று பயப்படுகிறார் என்று ஜெனீற்றா நினைத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கு மிசினை முடுக்கினார்கள். பத்து மணிக்குக் கிணற்றின் அடி தெரிந்தது. இரண்டு பேர் இறங்கிச் சேற்றை வாரி மேலே அனுப்பினார்கள். அதோடு நாலு பந்து, ஒரு வாளி, செபமாலை ஒன்று, யாரோ தொலைத்துவிட்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்த காப்பு ஒன்று எல்லாம் வந்தன. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் துஷ்யந்தன் போனில் படம் எடுத்தான். இவ்வளவு காலமும் இந்த மூளை எங்கே போனது என்று எல்லோரும் ஜெனீற்றாவைப் புகழ்ந்தார்கள். யாகப்பு தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எல்லோரும் கொடிமரம் நடக் கோயிலுக்குப் போனார்கள். ஜெனீற்றா போகவில்லை, மிசினை நான் நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். அடியில் ஊறிய தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தது; அது தெளியும்வரை மிசின் ஓடட்டும் என்று நினைத்தாள். பதினொரு மணியாயிற்று, தெளியவில்லை. மத்தியானம் கொஞ்சம் தெளிந்தது. இருபத்து நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை, அதைக் கண்ணாடிபோல் செய்து காட்டவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆசை வெட்கமறியாது என்பார்கள், அது களைப்பும் அறியாது. மிசின் இழுக்க இழுக்கக் கிணற்றுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடமாக அடைபட்டுக் கிடந்த ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்று அவள் மகிழ்ந்துபோனாள். குழாயின் மறுமுனையிலிருந்து தண்ணீர் மணலில் வாய்க்கால் பறித்துக்கொண்டு கடலுக்குப் போனது. கானிலிருந்த மண்ணெண்ணெய் தீர்ந்து மிசின் தானாக நின்றபோது பின்னேரம் ஐந்து மணி. எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் எண்ணக்கூடியதாகத் தெரிந்தது. மிசினைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தாள்.

அடுத்த நாள் விடிய முதலில் அள்ளியவர் மேரிஜோசப்பின். கோயிலுக்குப் பூ வைப்பதும், சுவாமியார் வந்தால் தேத்தண்ணி போடுவதும் அவர் பொறுப்பு. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தவர், சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேனாக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டு ஊற்றிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அப்படித்தான் இருந்தது. ஏழு மணிக்கு முன் ஊர் முழுவதும் கிணற்றடியில் நின்றது.

ஒரு கிழமை பொறுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. திருநாளுக்கு வந்த சனத்துக்குக் கரைத்துக் கொடுத்த நெல்லிரசம்கூட உப்புக் கரித்தது. அந்தோனியாரின் சொரூபக் கூடு ஊரைச் சுற்றி வந்தபோது சனம் அந்தோனியாரிடம் தொலைந்த நகையையோ ஆட்டையோ கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்டது. காரணம் தேடும் வேலை மும்முரமாக நடந்தது. தோட்டக்காரர்களின் குழாய்க்கிணறுகள் என்றார்கள் சிலர். துஷ்யந்தன் போனில் படித்துவிட்டு வந்து, உலகம் சூடாகிறது, பனி உருகிக் கடல் ஏறுகிறது, அதுதான் என்று விளக்கம் சொன்னான். வட துருவத்துப் பனி வேறெங்கும் நிற்காமல் நேரே கண்ணாக்குடாக் கிணற்றுக்குள் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவன் சொன்ன விதம். ஆனால் சனத்துக்கு அது பிடித்துக்கொண்டது. யாரையும் நோகவேண்டியதில்லை அல்லவா.

ஜெனீற்றாவுக்கும் அது பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம் பிடித்தது. கோயில் ஒலிபெருக்கிப் பாட்டில் மிசின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை; மண்ணெண்ணெய் தீரும்வரை அது ஓடியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆழ்வாப்பிள்ளை சொன்ன இரண்டு மணித்தியாலம் படுக்கையில் வந்து வந்து போனது. அவர் பயந்தது மிசினுக்கில்லை என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. ஆனாலும் உலகமே சூடாகும்போது ஒரு மிசின் என்ன செய்துவிடும் என்று கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனி முடிவில் நீர்வளத் திணைக்களத்திலிருந்து கம்சிகா என்ற பிள்ளை வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, உப்பு அளக்கிற மீற்றர் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். கடைசியாக எப்போது இறைத்தீர்கள், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டாள். எட்டிலிருந்து பத்துவரை, இரண்டு மணித்தியாலம், படம்கூட இருக்கிறது என்றான் துஷ்யந்தன். அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். ஜெனீற்றா நாலடி தள்ளி நின்றாள். வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

இரண்டு கிழமை கழித்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு. கம்சிகா மேசையில் ஒரு கண்ணாடி விளக்கை எடுத்து வைத்தாள். பீடத்தில் எரிகிற விளக்குத்தான். அடியில் தண்ணீர், மேலே எண்ணெய். தீவுகளில் நிலத்தின் கீழேயும் இப்படித்தான் என்றாள். எண்ணெய் இருக்கிற இடத்தில் மழைத் தண்ணீர், தண்ணீர் இருக்கிற இடத்தில் கடல். நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படை, ஏடு மாதிரி, கடலின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மேலே மெதுவாக எடுத்தால் ஒன்றுமில்லை. வேகமாக உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறி வந்துவிடும். ஆனால் இரண்டு மணித்தியால இறைப்புக்கு இவ்வளவு உப்பு வராது. ஆகவே படையே கரைந்துவிட்டது, கடல் பக்கமிருந்து உள்ளே வந்துவிட்டது என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது என்றாள்.

எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். கடல் புகுந்த ஊர்களின் பட்டியலில் கண்ணாக்குடா சேரும். கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி போடுவார்கள். வீட்டுக்கு ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று வரும், கிழமைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வரும். தாங்கி என்றதும் மண்டபம் கலகலத்தது. கறுப்பா நீலமா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். ஆனால் மூடிய கிணற்றைப் பிறகு யாரும் திறப்பதில்லை என்றாள் கம்சிகா. தண்ணீர் இல்லாத கரைக்கு வீட்டுத் திட்டம் வராது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுக்கத்தான் பார்ப்பார்கள். அப்போது கலகலப்பு அடங்கியது. கடலை விட்டுப் பத்துக் கட்டை உள்ளே போய்க் கண்ணாக்குடாக்காரன் என்ன செய்வான்? கோழி வளர்ப்பானா?

யாகப்புதான் எழும்பிக் கேட்டார், ஒரு வழியும் இல்லையா என்று.

கம்சிகா விளக்கைக் காட்டிச் சொன்னாள். "நாங்கள் செய்த பிழையெண்டா வழியிருக்கு அண்ணை. செய்யிறதை நிப்பாட்டினாச் சரி. கடல் தானா வந்ததெண்டா, அதைப் போ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. கடைசியில் சாட்சி வைக்கிற இடத்தில் மாதர் சங்கச் செயலாளரின் பெயர். ஜெனீற்றா பேனையை வாங்கினாள். தாளில் மேலே, இறைப்பு இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருசன் ஜெகதீஸ் பின்னாலிருந்து முதுகில் தட்டினான், எழுது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கலாம். அந்தச் சோற்றை முப்பத்தெட்டு வீடும் தின்ன வேண்டும் என்றால் எப்படி மறைப்பது? பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"ரண்டு மணித்தியாலமில்லைத் தங்கச்சி. நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போனாப் பிறகும் நான் மிசினை நிப்பாட்டேல்லை. பின்னேரம் அஞ்சு மணிவரைக்கும் ஓடவிட்டனான். ஒன்பது மணித்தியாலம். ஆழ்வாப்பிள்ளை அண்ணை வேண்டாமெண்டு சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

மண்டபத்தில் ஏச்செல்லாம் ஒன்றாக வந்தது. இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயா என்றார்கள். தான் சொன்ன கணக்குப் பொய்யாகிவிட்டதென்று துஷ்யந்தன் குதித்தான். மூடிக்கொண்டு இருந்தவள் இன்னும் பத்து நிமிடம் மூடிக்கொண்டிருந்தால் தாங்கியாவது வந்திருக்குமே என்றாள், நிறம் கேட்டவள். மேரிஜோசப்பின் எழும்பினார். அன்று விடியத் தன் கைப்பக்குவத்தைக் குறை சொல்லி, போட்ட தேத்தண்ணியை ஊற்றிய மனுசி அவர். வெளியே போய்விட்டார். ஜெனீற்றாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

யாகப்பு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஏதோ கணக்குப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கம்சிகாவிடம் கேட்டார். "அப்ப தங்கச்சி, நாங்கள் பத்து மணிக்குக் கள்ளுக்குப் போய், மிச்சத்தை நாளைக்கெண்டு விட்டுட்டுப் போனதாலதான் இவ்வளவு காலமும் கிணறு நிண்டதோ?"

கம்சிகா யோசித்தாள். அவள் படித்த புத்தகம் எதிலும் அப்படி இருந்திருக்காது. "ஓம் அண்ணை," என்றாள். "அப்பிடித்தான். நீங்கள் களைச்சுப்போன நேரமெல்லாம் கிணறு ஊறியிருக்கு."

முதலில் சிரித்தது யாகப்பு அல்ல, ஜெகதீஸ். அதன்பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. இருபத்து நான்கு வருடமாகத் திட்டு வாங்கிய ஆண்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஜெனீற்றாவும் அழுகையோடு சிரித்தாள். சிரித்ததால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அது பிறகு வீடு வீடாகப் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் கை உயர்த்தும் கட்டம்வரை வந்திருக்கவே மாட்டார்கள்.

ஒன்பது மணித்தியாலம் என்றால் கதை வேறு என்றாள் கம்சிகா. படை கரையவில்லை, கிழிந்திருக்கிறது. தைக்க முடியாது, தானாகச் சேரவேண்டும். குறைந்தது இரண்டு மாரிக்கு ஒரு வாளிகூட அள்ளக்கூடாது. மேட்டைச் சுற்றி வரம்பு கட்டி, மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் மணலுக்குள் இறங்க விடவேண்டும். அப்படிச் செய்தாலும் சேரும் என்று எழுதித் தரமாட்டேன். சேர்ந்தாலும் முந்திய அளவு தண்ணீர் இருக்காது. துஷ்யந்தன் அண்ணை சொன்னதும் பொய்யில்லை, கடல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முப்பது நாற்பது வருடத்துக்குப் பிறகு என்ன என்று என்னைக் கேட்கவேண்டாம். பட்டியலில் இல்லாத ஊருக்குத் தாங்கியும் வராது, பவுசர் கிழமைக்கு ஒருமுறைதான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மூடுவதா விடுவதா என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

மூடவேண்டாம் என்று உயர்ந்த கைகள் ஆறு கூட. ஊருக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கோழி வளர்க்கப் பயந்தவர்கள் பாதி, கோயில் கிணற்றை மூடினால் பாவம் என்று நினைத்தவர்கள் மீதி. எப்படியோ கை உயர்ந்தது.

அந்த ஒன்றரை வருடமும் ஜெனீற்றாவுக்கு ஒவ்வொரு கிழமையும் தண்டனை புதிதாகத் தொடங்கியது. பவுசர் ஊருக்குள் வராது, மணல் தாழும். அரைக் கட்டை தள்ளிப் பெரிய றோட்டில் நிற்கும். சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு போகிற பெண்கள் அவள் வீட்டைக் கடக்கும்போது மணியடிக்கமாட்டார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். அது போதும். மேரிஜோசப்பின் எட்டு மாதம் அவளோடு கதைக்கவில்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது பழமொழி. அவள் செய்ததற்கு ஊரே உப்புத் தின்றது. இதை நினைத்து அவள் பல நாள் அழுதிருக்கிறாள். அழுதுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பு கட்டப் போய்விடுவாள்.

வரம்பு கட்ட ஆண்களும் வந்தார்கள். பத்து மணிக்கு மறைந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாரி கார்த்திகையில் புயலோடு வந்தது. ஒரு மாதம் பெய்யவேண்டியது இரண்டு நாளில் கொட்டி, மூன்று வரம்பில் இரண்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போனது. அடுத்த வருடம் மார்கழி நடுப்பகுதிவரை வானம் வெளித்தே கிடந்து, பிறகுதான் பெய்தது. மழையும் முந்தி மாதிரி நேரம் காலம் பார்ப்பதில்லை. இரண்டு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. போகும்போது ஒரு வீட்டுக்காரி ஜெனீற்றாவின் கையைப் பிடித்து, உன்னாலே இல்லையடி, பிள்ளைகளின் படிப்புக்கு என்றாள். அவள் நல்லவள், அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்று ஜெனீற்றாவுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்சிகா வந்து மீற்றரை இறக்கிப் பார்த்துவிட்டு, உப்புக் குறைகிறது என்பாள். இன்னும் காணாது, போதாது என்பாள். வாளி விழாத கிணற்றின் உள்சுவரில் ஆல் முளைத்தது. அதையும் ஜெனீற்றாதான் பிடுங்கினாள்.

இரண்டாம் மாரி முடிந்து, தை பிறந்து ஒரு கிழமை. சொல்லிவைத்த நாளில் கம்சிகா வந்தபோது ஊர் முழுவதும் கிணற்றடியில் நின்றது. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. பவுசர் பழுதாகிப் பத்து நாளாக வரவில்லை. கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிச் சனம் சலித்துப்போயிருந்தது. குடம், வாளி, கான் எல்லாம் சுற்றிவர வரிசையாக இருந்தன. யாகப்பு புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

கம்சிகா மீற்றரை இறக்கி எடுத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனாள்.

"பொறும் தங்கச்சி," என்றார் யாகப்பு. "உம்மடை எண் எங்களுக்கு விளங்காது. ஜெனீற்றா குடிச்சுச் சொல்லட்டும். தன்னைப் பற்றியே உண்மை சொன்னவள், தண்ணியைப் பற்றிப் பொய் சொல்லமாட்டாள்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டவர்களும் சாதாரணமாகத்தான் தலையாட்டினார்கள். ஜெனீற்றாவுக்கு அது நெஞ்சுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. ஒன்றரை வருடமாக இந்த ஊர் தன்னைப் பார்த்ததில் இருந்தது வெறுப்பு மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கூடவே வேறொன்றும் வளர்ந்து வந்ததை அவள் காணவில்லை.

யாகப்பு ஒரு வாளி அள்ளினார். அவள் இரண்டு கையாலும் ஏந்தினாள். குளிர்ச்சியாக இருந்தது. வாயில் வைத்தாள். முதலில் நல்ல தண்ணீர்தான். பழைய ருசி, கல்யாணம் முடித்து வந்த முதல் நாள் குடித்த அதே ருசி. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் அது வந்தது. கொஞ்சம்தான். மற்றவர்கள் குடித்திருந்தால் ஒருவேளை கண்டுபிடித்திருக்கமாட்டார்கள், அவ்வளவு கொஞ்சம்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேரிஜோசப்பின் கானின் மூடியைத் திருகிக் கையில் வைத்திருந்தார். நல்ல தண்ணீர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் மறுக்கப்போவதில்லை. சைக்கிள்கள் அவள் வீட்டைக் கடந்து போகாது. இரவு நித்திரை வரும். ஒன்றரை வருடமாகச் சுமந்ததை இந்தக் கிணற்றடியிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகலாம். அவள் இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். இந்தமுறை இல்லாமல் இருக்கக்கூடாதா என்று அந்தோனியாரைக் கேட்டுக்கொண்டே குடித்தாள். இருந்தது.

"இன்னும் இருக்கு," என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னாள். "முந்தி மாதிரி இல்லை. நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனா இருக்கு. இண்டைக்கு அள்ளிக் குடிக்கலாம், ஒண்டும் செய்யாது. அள்ளத் தொடங்கினமெண்டா வைகாசிக்கு முன்னம் திரும்ப ஏறிடும். இன்னும் ஒரு மாரி விடவேணும்."

கம்சிகா மீற்றரைப் பைக்குள் வைத்தாள். அவளுடைய எண்ணும் அதைத்தான் சொன்னது. காற்றில் ஒரு வெறும் வாளி உருண்டு போய் வரம்பில் முட்டியது.

மேரிஜோசப்பின் கிட்ட வந்தார். "வடிவா ருசி பாத்தனியே?" என்று கேட்டார்.

"ஓம் மேரியக்கா. ரண்டு தரம்."

மேரிஜோசப்பின் கானின் மூடியைத் திருகிப் பூட்டினார். சைக்கிளில் கொழுவிக்கொண்டு, பவுசர் எப்போது திருத்தி வருமாம் என்று துஷ்யந்தனிடம் கேட்டபடி நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் குடங்களை எடுத்தார்கள். முப்பத்தாறு வீட்டுச் சனமும் வெறும் குடத்தோடு திரும்பிப் போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. யாகப்பு புதுக் கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தைக்குக் கவனமாக வைத்திரு என்றார்.

எல்லோரும் போனபிறகு ஜெனீற்றா தனியாக நின்றாள். வாளியில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் மிச்சமிருந்தது. வாளியைக் கயிற்றில் கட்டி, சுவரில் முட்டாமல் மெதுவாகக் கீழே இறக்கி, அந்தத் தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டாள்.